சிரிக்கும் முகம் ஒட்டிய கதவு

சித்தப்பாவின் கடைக் கதவில் ஒரு பச்சை முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சுகாதாரப் பரிசோதனையில் நன்றாகத் தேறிய கடைகளுக்குக் கிடைக்கும் தாள் அது. நேரெதிரே இருந்த எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்த முடிவு, ‘திருத்த வேண்டும்.’ அதை யார் கதவில் ஒட்டுவார்கள்? எனக்கு அப்போது ஒன்பது வயது. பாரிஸின் லா சப்பல் பகுதியில், அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

எரியக் காரணமும் இருந்தது. சித்தப்பா சமைக்கும் குசினி ஒரு அலுமாரி அளவுதான். அதனால் இரண்டு கடைக்கும் தோசைமாவு எங்களிடம்தான் அரைபடும். பாரிஸ் குளிரில் மாவு பொங்காது என்று அப்பா வாளிகளை இரவு முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அன்று சித்தப்பா தன் வாளிகளை எடுக்க வருவதற்கு முன்பே பரிசோதகர் வந்துவிட்டார். மூன்று வாளிகளிலும் வெப்பமானியைக் குத்திப் பார்த்த அந்தப் பெண்மணி, குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டியதை இப்படி வெளியே வைத்தது யார் என்று கேட்டார். புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மொழிபெயர்க்க நான்தான் நின்றேன். இரண்டு வாளி சித்தப்பாவுடையது.

“எல்லாம் என்ரை எண்டு சொல்லு,” என்றார் அப்பா.

சொன்னேன். அப்பாவுக்கு வீண் பெருமை என்று நினைத்தேன். மாவெல்லாம் குப்பைக்குப் போனது. ஒரு மாதத்தில் திரும்ப வருவேன், அப்போதும் இப்படியென்றால் கடை மூடப்படும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் தெருவைக் கடந்தார். அங்கே குசினி பளபளவென்று இருந்ததாம். இருக்காதா பின்னே!

சித்தப்பாவின் மகள் என் வகுப்புதான். அந்த முகத்தைப் பற்றி வகுப்பு முழுக்கப் பிரெஞ்சில் பீற்றிக்கொண்டாள். மத்தியானத்தில் எங்களிடம் வரும் அலுவலகக்காரர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்பா வெறும் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் ஆளில்லாத நேரம் பார்த்து அந்தத் தாளை உரித்து வந்து எங்கள் கதவில் ஒட்டினேன். சித்தப்பா கடையின் பெயர் இருந்த இடத்தைக் கோயில் தேர்த் திருவிழா நோட்டீசால் மறைத்தேன். இரண்டு வாளிக்கு ஒரு முகம், நியாயமான வியாபாரம்தானே என்று பட்டது.

காலையில் அப்பா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

“அண்ணை, அது இஞ்சையே இருக்கட்டும்,” என்றார் சித்தப்பா. “நான் பரிசோதகரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுறன்.”

“சொல்லி ரெண்டு கடையையும் மூடவோ? விசர்க் கதை கதையாதை. கொண்டுபோய் ஒட்டு.”

அப்பா நகத்தால் மெல்ல உரித்தார். அப்படியும் ஒரு மூலை கிழிந்துவிட்டது. தாளை வாங்கிய சித்தப்பா வாசலில் நின்றபடியே அழுதார்.

மூலை கிழிந்ததற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். ‘நல்லா வேணும்’ என்று அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.