போகாத ஊருக்குப் போய் வந்த ஒன்பதாம் வகுப்பு

அரையாண்டுப் பரீட்சை முடிந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை, டீச்சர்களுக்குத் தலைவலி, எங்களைப் போன்ற பள்ளிக்கூட ஆயாம்மாக்களுக்கோ பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் திருவிழா. பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று 'கற்றல் செய்தி' ஒன்றை அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பது எங்கள் பள்ளியின் வழக்கம். எழுதுவது டீச்சர்கள், ஜன்னலில் நின்று கொடுப்பது நான். திட்டு யாருக்கு விழும் என்று இதே வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காகிதக் கட்டைப் பிரிக்கும்போதே "திருப்போரூர் முருகா, காப்பாத்து" என்றுதான் பிரிப்பேன். இந்த முறை அவன் காப்பாற்ற வேண்டியிருந்தது என்னை அல்ல, ஒரு பெண்ணின் படிப்பை.

நல்லதை மட்டுமே எழுதுவோம்

யாரைப் பற்றியும் குறையாக ஒரு வார்த்தை வரக்கூடாது என்பது ஹெச்.எம். மேடத்தின் உத்தரவு. லாரி ஓட்டும் ஒரு அப்பா வந்தார். அவர் மகனைப் பற்றி, 'தேர்வு நேரத்திலும் சக மாணவர்களோடு இணைந்து கற்பதில் பேரார்வம் காட்டுகிறார்' என்று போட்டிருந்தது. மனிதர் இரண்டு தடவை படித்தார். மீசையைத் தடவினார்.

"பக்கத்துப் பையனப் பாத்து எழுதறான், அவ்ளோதானம்மா? அத இன்னாத்துக்கு கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதிகினு கீறாங்க?"

எதிர் வீட்டுச் செய்தி

படூர் அப்பார்ட்மென்டிலிருந்து காரில் வந்த ஒரு அம்மா, தன் பையனின் காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிரிக்கவே இல்லை. ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏம்மா, ஏதாவது குறையா?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினார்.

"என் பையன் லட்சணம் எனக்குத் தெரியும் ஆயாம்மா. எதிர் ஃப்ளாட் பையனுக்கு என்ன போட்டிருக்கீங்க, அதக் கொஞ்சம் காட்டுங்களேன்."

செல்வி கேட்ட டி.சி.

மாமல்லபுரம் கடற்கரையில் தார்ப்பாய் விரித்துச் சங்கு, சிப்பி மாலை விற்கிறவள் செல்வி. அவள் மகள் காவ்யா ஒன்பதாவது படிக்கிறாள். செல்விக்குப் படிக்க வராது, அதனால் எப்போதும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். 'வரலாற்றுப் பாடத்தின் பகுதியாக வகுப்பு முழுவதும் மாமல்லபுரம் சென்று சிற்பங்களைக் கண்டது. கடற்கரை வியாபாரிகளிடம் மாணவர்கள் பேட்டியும் எடுத்தனர்' என்று படித்தேன். படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மழை என்று அந்தச் சுற்றுலாவை ரத்து செய்துவிட்டார்களே!

செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் வந்தாங்களா? கடக்காரங்களாண்ட பேசினாங்களா? நான் அங்கதானேக்கா குந்திகினு கீறேன்!" என்றாள். "யாருமே போகல தங்கச்சி, இது தப்பா அச்சாயிடுச்சு" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். காதிலேயே வாங்கவில்லை. "சீலு போட்டு கீது, பொய்யா சொல்லும்? யூனிஃபார்ம் போட்ட கும்பல் தெனம் வருது. எதுல மூஞ்ச மறச்சிகினு போனாளோ!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"பெத்தவளப் பாத்து வெக்கப்படறதுக்கு ஒரு படிப்பா? டி.சி.ய குடுத்துடு. அவளும் என்னோட வந்து குந்தி மால கோக்கட்டும்."

டி.சி. இருக்கும் பீரோவின் சாவி காணவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. முருகன் மன்னிப்பான்.

திருத்தம் என்ற கெட்ட வார்த்தை

நேரே ஹெச்.எம். அறைக்குப் போய் அழாத குறையாகச் சொன்னேன். ஹிஸ்டரி மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். "போன வருஷச் செய்தியில வருஷத்த மட்டும் மாத்தினேன் மேடம். எப்படியும் போவோம்னுதானே இருந்தோம்?" என்றார் மிஸ். "ஒரு வரி திருத்தம் போட்டுடலாமே மேடம், அந்தப் பொண்ணு படிப்பு போயிடும்" என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.

"இது தப்புன்னு திருத்தம் போட்டா, மத்ததெல்லாம் உண்மையான்னு கேப்பாங்க ஆயாம்மா. செய்தி அப்படியே இருக்கட்டும். புதன்கிழமை பஸ்ஸ எடுக்கச் சொல்லுங்க, போயிட்டு வந்துடுவோம்."

பேட்டி

புதன்கிழமை போனோம். பெண் பிள்ளைகளுக்குத் துணையாக நானும். பஸ் நின்றதுதான் தாமதம், காவ்யா முதல் ஆளாகக் குதித்து ஓடினாள். "இதான்டி எங்கம்மா! இதான் எங்க கடை!" என்று கத்தினாள். சிற்பத்தை யார் பார்த்தார்கள்? மொத்த வகுப்பும் தார்ப்பாயைச் சுற்றி மணலில் உட்கார்ந்துவிட்டது. செல்வி தலை நிமிராமல் மாலை கோத்துக்கொண்டிருந்தாள். காவ்யா நோட்டைத் திறந்து, வேண்டுமென்றே, சத்தமாகக் கேட்டாள்: "அம்மா, இதுக்கு முன்னாடி எங்க கிளாஸ் இங்க வந்திருக்கா?" செல்வி பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் ஒரே குரலில், "இல்ல ஆன்ட்டி, இதான் ஃபர்ஸ்ட் டைம்!" என்றார்கள். ஹிஸ்டரி மிஸ் கடலில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

செல்வியின் கை நின்றது. கோத்துக்கொண்டிருந்த மாலையை முடிச்சுப் போட்டு மகள் கழுத்தில் மாட்டினாள். "யக்கா, அந்த பீரோ சாவி கெடைக்கவே வேணாம்" என்று என்னிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். பிறகு பெரிய சங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மிஸ் பக்கம் திரும்பினாள்.

"வாங்க டீச்சர்! பேப்பர்ல போட்டு கீறீங்களே, அந்த தபா வந்தப்ப இதே மாதிரி ஒண்ணு வாங்கினு போனீங்களே, நல்லா ஊதுதா?"

எழுதியதை எப்பாடு பட்டாவது நடத்திக் காட்டிவிடும் பள்ளிக்கூடம் எங்களுடையது என்பதால், அடுத்த செய்தியில் யாரும் நிலாவுக்குப் போய் வந்ததாக எழுதிவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் அன்றாட வேண்டுதல்.