ராட்டினத்தில் நடந்த விண்வெளித் தேர்வு

நம் நாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக விண்வெளிக்குப் போயிருக்கிறார் என்று ரேடியோ சொன்ன பங்குனி மாதத்தில், சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் அடுத்த ராக்கெட்டுக்குத் தயாராகிவிட்டோம். மற்றவர்கள் கோடை லீவு முடிவதற்குள் கோலிக்காய்க்குத் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. ஐந்தாம் வகுப்பு தொடங்கிய பிறகும் மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்து, அங்கே போனால் எதன்மேல் உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. விமானப்படையில் இருந்தார். இருந்தது அங்கே சமையற்கட்டில் என்பதை அம்மா வெளியே சொல்வதில்லை. ஆனாலும் விமானம் ஓட்டுகிறவர்கள் அவர் சுட்ட தோசையைத் தின்றுவிட்டுத்தான் ஓட்டினார்கள். அதனால் வானம் சம்பந்தப்பட்ட எதற்கும் எங்கள் குடும்பத்தில் அவர் வைத்ததே சட்டம்.

என்ன படித்தால் மேலே போகலாம் என்று அவரிடம் கேட்டேன்.

"மொதல்ல கணக்கும் பௌதிகமும். பொறவு பரீட்சை எழுதி எங்க படையில சேரணும். வருசக்கணக்கா ஜெட்டு ஓட்டணும். ஓட்டுதவங்கள்ல நல்ல ஆளாப் பொறுக்கி, நாற்காலியில உக்கார வச்சுக் கிறுகிறுன்னு சுத்துவான். வாந்தி எடுத்தேன்னு வையி மருமவனே, அன்னைக்கே ரயிலேத்தி விட்டுருவான்."

கணக்கு என்றதும் எனக்குப் பயம் வந்தது. சுற்றுவதற்குப் பயமில்லை. அதற்குப் படிக்க வேண்டாமே.

பாதை ராணுவப் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது என்றும், ஆறாம் வகுப்பிலேயே அங்கே சேரலாம் என்றும் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு, நுழைவுத் தேர்வுக்கு அனுப்பச் சொல்லி அழுது புரண்டேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். படிப்பு என்று கேட்டால் மறுக்க முடியாது. என்னை நம்பவும் முடியாது. பொறுப்பை மாமாவிடம் தள்ளிவிட்டார்.

"மாப்ளே, இவன் தாங்குவானான்னு நீரே சோதிச்சுச் சொல்லும்வே. தேறிட்டான்னா அனுப்புதேன்."

அது எங்கள் ஊர்க் கோமதியம்மன் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா நேரம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் தபசுக் கடையில் மிட்டாய் வாங்குவதற்கு எந்த வேதமும் குறுக்கே நின்றதில்லை. கடைகளுக்கு நடுவே பெரிய ராட்டினம் போட்டிருந்தார்கள். அதுதான் மாமா கண்டுபிடித்த நாற்காலி.

அக்காவும் வந்தாள். ப்ளஸ் டூவில் பௌதிகத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்கு எடுத்துவிட்டு, அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெய்னிங்கில் சேரவிருந்தாள். எனக்குக் குமட்டினால் மோந்து பார்க்கக் கொடுப்பதற்காக ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி அவள் கையில் கொடுத்தார்கள். மாமா ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தார்; இரண்டடி பின்னால் போனார்.

"நீங்க ஏறுங்க. சோதிக்கித அதிகாரி எப்பவும் கீழதான் நிப்பான்."

ராட்டினம் நாலு சுற்று சுற்றியது. பிறகு கீழே ஆளை இறக்குவதற்காக நிறுத்தினார்கள். அப்போது எங்கள் தொட்டில் உச்சியில் இருந்தது.

பூமி அவ்வளவு பெரிசு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. விரல் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். கரிசல் காடு கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் முடிவே இல்லாமல் கிடந்தது. அதில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் மின்மினி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. மேற்கே மலை முழுதும் ஊதாவாகி, அதற்குமேல் ஒற்றை நட்சத்திரம். தொட்டில் மெல்ல ஆடியது. அத்தனை பெரிய வெளியில் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு துருப்பிடித்த ஆணி என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஞாயிறு பள்ளியில் ஒப்பித்து நான் பரிசு வாங்கிய பைபிள் சங்கீதம் முதல் வார்த்தையோடு நின்றுவிட்டது. எதிரே கோபுரம் தெரிந்தது. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவதில் தப்பில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"கோமதித் தாயே! இறக்கி விடச் சொல்லு தாயே!"

தபசுக் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. ராட்டினம் திரும்பவும் நகர்ந்து சரிந்தது.

"ஏலே, கத்தாத. வயித்துல ஜிவ்வுன்னு வருதுல்லா? இந்தா, பழத்தைப் பாரு," என்றாள் அக்கா. அதை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். "இறங்கும்போது கனம் குறையுதுலே. மேல போறவங்களுக்கு முழுசாப் போயிருமாம். கையை விட்டா அப்படியே நிக்குமாம்லே!"

நான் பழத்தைப் பார்க்கவில்லை. சட்டையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவளோ ராட்டினக்காரரிடம், "அண்ணாச்சி, இன்னும் ஒரு சுத்து விடுங்களேன்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியதும் ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "யாரு பெத்த பிள்ளையோ, தாயைக் கூப்பிட்டு எப்படி உருகுதான் பாரு!" என்று என் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். துடைக்கத் தெம்பில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராக்கெட்டு ஏறப் போனவன் காவடி எடுத்துட்டுல்லா வந்து நிக்கான்!"

"மருமவன் தேறல," மாமா தீர்ப்புச் சொன்னார். "வேணும்னா எங்கூடத் தோசை சுட வரட்டும்."

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்கா கேட்டாள்: "மாமா, அந்த நாற்காலியில பொம்பளப் பிள்ளைகளையும் உக்கார வச்சுப் பாப்பாங்களா?"

"ஏட்டி, டிரெய்னிங்குக்குப் பெட்டி கட்டியாச்சா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல," என்றார் மாமா.

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். கேலி என்னை விட்டு நகர்ந்துவிட்ட சந்தோஷத்தில் நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அவள் முற்றத்துக்குப் போய் அந்த எலுமிச்சம்பழத்தை மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். உச்சிக்குப் போய் அது ஒரு கணம் நிற்கிற இடத்தையே பார்த்தாள். என் பேரில் வாங்கிய பழம். ஒரு தடவைகூட என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவரவில்லையே என்று, அவள் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிற வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை.