கரையில் இருபத்தெட்டு சோடி செருப்பு

முதலில் ஒரு அறிவிப்பு. நான் சாகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் போனுக்கும் அந்தப் படம் வந்திருக்கும். ஓர் ஆற்றங்கரை, வரிசையாக இருபத்தெட்டு சோடி செருப்பு. கீழே, 'இரத்தினபுரியில் படகு கவிழ்ந்தது, தோட்டத்துப் பெண்கள் இருபத்தெட்டு பேரைக் காணவில்லை' என்று ஒரு வரி. கூடவே கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகள் நாலைந்து. அந்த இருபத்தெட்டில் ஒருத்தி நான். வலது ஓரத்தில் பிரவுன் கலரில், குதிகால் தேய்ந்து கிடக்கிறதே... அது என்னுடையது.

எனக்கே அந்தப் படம் மூன்று பேரிடமிருந்து வந்தது. ஒருவர், 'டீச்சர், இதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?' என்று கேட்டிருந்தார். இருந்தார்கள். எல்லாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய கடமையும் இருக்கிறது. அது என்ன கடமை என்பதைக் கடைசியில் தெரிந்துகொள்வீர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஓப்பநாயக்கவுக்கு மேலே. மாதர் சங்கத்தில் வருடத்துக்கு ஒரு பயணம் போவோம். எப்போதும் கதிர்காமம், இல்லாவிட்டால் முன்னேஸ்வரம். இந்த முறை சங்கத் தலைவி ஒரு நோட்டீசோடு வந்தாள். இரத்தினபுரியில் களு கங்கையில் படகுப் பயணம், இறங்கும் இடத்தில் சமன் தெய்வத்தின் கோயிலான தேவாலயம், மத்தியானத்துக்கு மேல் ஒரு குகை விகாரை... எல்லாவற்றையும் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு கைட்.

தமிழில் — அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தோம். எங்கள் பெண்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சந்தையில் பேரம் பேசுவதும் சண்டை போடுவதும் அதில்தான். ஆனாலும் ராஜா கதையைச் சொந்தப் பாஷையில் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா?

கைட் பெயர் தர்ஷினி. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். முப்பது வயது இருக்கும். கம்பெனி டீ-ஷர்ட், வெள்ளை கன்வஸ் ஷூ, கையில் மைக். பஸ்சிலிருந்து இறங்கும்போதே என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டாள்.

"டீச்சர், இதுதான் மொத தமிழ் டூர். நானா ஒரே ஒரு தடவ செஞ்சு பாருன்னு விட்டிருக்காரு. சரி வந்தா மாசா மாசம் நான்தான் கைட். சரி வரலேன்னா பழையபடி ஆபீஸ்ல போன் தூக்கணும். மூணு வருஷமா அதத்தான் செய்றேன்."

நானா என்றது படகு முதலாளியை. ரியாஸ் நானா, இரத்தினபுரி டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனிதர். படகு அவருடைய புதுத் தொழில்.

"பயப்படாத புள்ள, நான் இருக்கேன்ல" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

படகு என்றால் ஏதோ கப்பல் என்று நினைக்காதீர்கள். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கூரை போட்டது. பின்னால் ஓர் என்ஜின். முன்னால் சின்னத் தட்டில் புத்தர் படம், சமன் தெய்வத்தின் படம், நடுவில் ஒரு குட்டிப் பிள்ளையார். இட்லிப் பூ வைத்து விளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

முதல் ஆளாக ஏறப் போனவள் நான். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆனாலும், எதிலும் முதலாவதாக நிற்கிற வியாதி டீச்சர்மாருக்குப் போகாது. விளக்கைப் பார்த்தேன். கூட்டிப் பெருக்கிய பலகையைப் பார்த்தேன். கால் தானாகச் செருப்பைக் கரையில் விட்டது.

எனக்குப் பின்னால் பொன்னம்மா. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். டீச்சர் கழட்டிவிட்டாள் என்றால் காரணம் இருக்கும் என்று அவளும் கழட்டினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் கழட்டினாள். அப்படியே கடைசி ஆள் வரைக்கும். அதுவும் சும்மா கழட்டவில்லை, கோயில் வாசல் மாதிரி சோடி சோடியாக வரிசையில் அடுக்கிவிட்டு ஏறினார்கள்.

செருப்பைக் கழட்டுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. கோயிலில் கழட்டுவோம், சரி. தோட்டத்து ஆபீசில் கழட்டுவோம். டிஸ்பென்சரியில் கழட்டுவோம். பொன்னம்மா ஒரு முறை டவுனில் பேங்க் வாசலில் கழட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். தரை பளபளவென்று இருந்தால் எங்கள் கால் வெட்கப்படும்.

தர்ஷினி அப்போது முன்னால் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். அதன்பிறகு ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட்டையும் இழுத்துப் பார்த்தாள். படகோட்டி பின்பக்கம் என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எங்களை இறக்கிவிட்ட பஸ், கீழே இறங்குதுறைக்குப் போய்விட்டது. படகு ஒரு வழிப் பயணம். ஏறிய இடத்துக்குத் திரும்பி வராது.

இது எங்கள் இருபத்தெட்டு பேருக்கும் தெரியும். நோட்டீசிலேயே போட்டிருந்தது. ஆனால் செருப்போடு சேர்த்து அதை யாரும் யோசிக்கவில்லை.

பயணம் பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின நாள் மழை பெய்ததில் ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கரையில் மாணிக்கக் குழிகளின் ஓலைக் கூரைகள், தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம். தர்ஷினி மைக்கைப் பிடித்தாள். நடுக்கம் முதல் இரண்டு நிமிடந்தான்.

"ரோடு சரியா இல்லாத காலத்துல சாமானெல்லாம் இந்த ஆத்து வழியாத்தான் கடலுக்குப் போச்சு. பாக்கு போச்சு, மிளகு போச்சு. பெறகு தேயிலப் பெட்டியும் போச்சு. நம்ம ஆளுங்க மேல பறிச்ச கொழுந்து, இந்தத் தண்ணியிலதான் களுத்துறைக்கு எறங்குச்சு."

பொன்னம்மா குனிந்து தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பறித்த கொழுந்து பாக்டரிக்கு அப்பால் எங்கே போனது என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. "அதுக்கு முன்னாடி கோப்பியும் போச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "போர்த்துக்கீசர் வந்ததைச் சொல்லலையே" என்றேன். மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது தர்ஷினி சிரித்துக்கொண்டே, "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா இது என் பீரியட் டீச்சர்" என்றாள். படகே சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

துறை வந்தது. அங்கேயும் முதலில் இறங்கியவள் நான்தான். பலகைக்குப் பக்கத்தில் என் கால் இப்படியும் அப்படியும் துழாவியது. மணல்தான் இருந்தது.

"டீச்சர்... செருப்பு?" என்றாள் பொன்னம்மா.

இருபத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் ஆற்றின் மேற்பக்கம் திரும்பிப் பார்த்தோம். பார்த்தால் வந்துவிடுமா?

தர்ஷினியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு குனிந்து தன் ஷூவைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "வாங்க. தேவாலயத்துக்கு எப்பிடியும் வெறுங்காலோடதான் போகணும். நாம கொஞ்சம் முன்னாடியே கழட்டிட்டோம், அவ்வளவுதான்" என்று சொல்லி, சரளைக் கல் ரோட்டை விட்டு ஓரத்துப் புல்லில் எங்களை நடத்திக் கூட்டிப் போனாள்.

தேவாலயத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது. போர்த்துக்கீசச் சிப்பாய் ஒருவன் வாளோடு நிற்கிறான், காலடியில் உள்ளூர்ச் சிப்பாய் ஒருவன் விழுந்து கிடக்கிறான். தர்ஷினி சொல்லி முடித்ததும் பொன்னம்மா கேட்டாள்.

"கீழ கெடக்குறவன் பேரு என்னாம்மா?"

"நிக்கிறவனுக்கு ஒரு பேரு சொல்றாங்க அக்கா. கெடக்குறவன் பேரு யாருக்கும் தெரியாது."

"அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, பொன்னம்மா அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கையில் கொண்டுபோயிருந்த புத்தகத்தில் அந்தக் கல்லைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அந்தக் கேள்வி அதில் இல்லை.

பஸ் பக்கத்தில் மரநிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அப்போதுதான் படம் வர ஆரம்பித்தது. மேலே கரையில் துணி துவைக்க வந்த ஒரு சிங்கள அம்மா செருப்புகளைப் பார்த்திருக்கிறாள். வரிசையாகச் செருப்பு, ஆள் ஒருத்தரையும் காணோம், பக்கத்தில் நிறைந்து ஓடும் ஆறு. என்ன நினைப்பாள்? கத்தியிருக்கிறாள். ஊர் கூடியிருக்கிறது. யாரோ படம் எடுக்க, யாரோ எழுத, யாரோ போலீசுக்குச் சொல்ல, படகுத் துறை போர்டில் இருந்த நம்பருக்கு யாரோ போன் போட... ரியாஸ் நானா த்ரீவீலரில் பறந்து வந்துவிட்டார். வரும் வழியில் கரைக்குப் போய், எங்கள் செருப்புகளை இரண்டு உரச்சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு.

இறங்கியதும் முதலில் எங்களை எண்ணினார். இருபத்தெட்டும் சரியாக இருந்தது. மறுபடி எண்ணினார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஆரு முதல்ல கழட்டின?"

அவ்வளவுதான். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்க வரிசையாக நிற்போமே, அப்படி இருபத்தெட்டு பேரும் எழுந்து வரிசையாக நின்றுவிட்டோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லார் கண்ணும் தரையில். துரை கேள்வி கேட்டால் தோட்டத்தில் யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை. அது எங்கள் பழக்கம். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய பழக்கம்.

"சொல்ல மாட்டீங்க? அப்ப இது உன்ட பிழதான் தர்ஷினி. நீதானே கைட்? நாளைக்கு ஆபீசுக்கு வந்து போனத் தூக்கு. தமிழ் டூரும் வாணாம், ஒண்டும் வாணாம்."

"என் தப்புதான் நானா" என்றாள் தர்ஷினி. "தலைய எண்ணினேன். கால பார்க்கல்ல."

அவள் கையில் இன்னும் அந்த வெள்ளை ஷூ இருந்தது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வாரா வாரம் இந்த இடத்தில் உண்மை, நேர்மை என்று உங்களுக்கு அளந்துகொண்டிருக்கிறவள், வரிசையில் நின்று என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பொன்னம்மா என் கையை அழுத்தி, "பேசாம இருங்க டீச்சர். செத்த நேரத்துல போயிருவாரு" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

எத்தனை துரைமார் அப்படிச் செத்த நேரத்தில் போயிருக்கிறார்கள். ஆனால் இங்கே எங்கள் மௌனம் எங்களில் ஒருத்தியின் தலையில்தானே விழுகிறது? தர்ஷினியும் தோட்டத்துப் பிள்ளைதானே? இதைப் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. வெட்கமாக இருக்கிறது.

"நான்தான்" என்றேன். ஹோம்வர்க் செய்யாத பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. "நான்தான் மொதல்ல கழட்டினேன். என்னப் பார்த்துத்தான் எல்லாரும் கழட்டினாங்க. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

ரியாஸ் நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பேப்பர்ல எழுதுற டீச்சர்தானே?"

"ஆமா."

"அப்ப இதையும் எழுதுங்க. டவுன் முழுக்க என்ட வள்ளம் கவிழ்ந்த எண்டு கதை. வார மாசத்துக்குப் புக் பண்ணின ஆக்களும் வாணாம் எண்டு சொல்லத் தொடங்கிட்டாங்க. நான் சொன்னா ஆரு நம்புவாங்க? நீங்க எழுதினா நம்புவாங்க. சனம் வந்தா டூர் இருக்கு. டூர் இருந்தா இவதான் கைட்."

அப்போது பொன்னம்மா வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். முதலாளி என்று பெயருள்ள எவரிடமும் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"பேப்பர்ல வர்றது வரட்டும் மொதலாளி. புக் பண்ண ஆளு இல்லேன்னா நாங்க மத்த இருவத்தேழு பேரும் திரும்ப வாறோம். இந்தப் புள்ளதான் கைடா வரணும்." கொஞ்சம் யோசித்து, "செருப்போட வாறோம்" என்றாள்.

ரியாஸ் நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு த்ரீவீலர் பக்கம் திரும்பினார். சாக்குகளைக் கவிழ்த்துக் கொட்டியதும், சோடி சேர்க்கும் வேலை தொடங்கியது. பாதிக்கு மேல் ஒரே நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அதற்குப் பிடித்த நேரத்தில் ஆற்றில் இன்னொரு முறை போய் வந்திருக்கலாம். குகை விகாரைக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

தர்ஷினி புதன்கிழமை போன் பண்ணினாள். எழுதினீர்களா என்று கேட்கவில்லை. "சும்மாதான் எடுத்தேன் டீச்சர், எப்பிடி இருக்கீங்க?" என்றாள். பின்னால் ஆபீஸ் போன் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. "இருங்க டீச்சர், இத எடுத்துட்டு வாறேன்" என்று போனாள்.

ஆகவே வாசகர்களே, படகு கவிழவில்லை. அது நல்ல படகு. கைட் அதைவிட நல்ல கைட். தமிழில் சொல்கிறாள், நடுவில் புகுந்து பேசும் டீச்சர்மாரையும் அழகாக உட்கார வைக்கிறாள். செருப்பை முதலில் கழட்டியது நான்.

ரியாஸ் நானா, நான் எழுதிவிட்டேன். அந்த ஆபீஸ் போனை இனி வேறு யாராவது எடுக்கட்டும்.