இல்லாத போர்வெல்லின் தண்ணீர்

துடியலூரில் மோட்டார் கன்ட்ரோலர் செய்யும் கம்பெனியில் நான் எழுதிய புரோகிராமைச் சோதித்தவர் அவர். முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். ஞாயிறெல்லாம் தோட்டத்தில் நிற்பதால் கழுத்து மட்டும் கறுத்திருக்கும்.

போர்வெல்லில் தண்ணீரை அளக்கும் சென்சார் வருகிறது, வருகிறது என்றார்களே தவிர வரவில்லை. அதனால் நீர்மட்டத்தை அவரே கம்ப்யூட்டரில் தட்டுவார். பூஜ்ஜியம் போட்டால் மோட்டார் நிற்க வேண்டும், அதுதான் சோதனை. ஆனால் சாயங்காலம் கிளம்புமுன் பூஜ்ஜியத்தை நூறாக்கி, அந்த இல்லாத போர்வெல்லை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“அது எதுக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வத்திப்போன போர்வெல்லை அப்படியே உட்டுப்போட்டுப் போக மனசு வரலீங்க.”

சென்சார் ஒருவழியாக வந்ததும், அந்தியூர்ப் பக்கம் அவருடைய தோட்டத்து போர்வெல்லிலேயே முதலில் இறக்கினோம். மோட்டாரைப் போட்டார். கொஞ்சம் சேறு கொட்டியது. பிறகு குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. கன்ட்ரோலரின் திரையில் பூஜ்ஜியம் விழுந்தது. மோட்டார் தானாக நின்றது.

சுற்றிலும் மஞ்சள் பயிர் வாடிக் கிடந்தது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உங்க புரோகிராம் சரியாத்தானுங்க வேலை செய்யுது,” என்றார்.

அந்தக் கன்ட்ரோலரில் நீர்மட்டத்தைக் கையால் தட்டுவதற்கு நான் வழி வைத்திருக்கவில்லை.