கோப்பை வந்த நாள்

நேற்று பேரனின் முழங்கால் காயத்தில் டிங்சர் தடவியபோது, அந்த நெடி என்னைப் பசுமலை வீட்டுக்கே இழுத்துப் போனது. அப்போது எனக்கு ஏழு வயது. சாமுவேல் அண்ணன் கல்லூரிக் கால்பந்து அணியின் கேப்டன். அந்த சீசனில் அவர்கள் தோற்கவே இல்லை. வெறுங்காலில்தான் ஆடுவார்கள். அரையிறுதி ஆட்டத்தில் அண்ணனின் பாதத்தில் துருப்பிடித்த ஆணி ஏறியது. அப்பா டிங்சர் ஊற்றிக் கட்டினார். அடுத்த வாரம் அண்ணனின் தாடை இறுகிவிட்டது, தண்ணீர்கூட இறங்கவில்லை. டாக்டர் கைவிரித்துவிட்டார்.

இறுதி ஆட்டம் முடிந்ததும் அணியினர் கோப்பையோடு கட்டிலருகே வந்தார்கள்.

“செயிச்சுட்டோம்ணே!”

அண்ணனின் உதடுகள் விரிந்து பற்கள் தெரிந்தன.

“அப்பா, அண்ணன் சிரிக்குது!” என்று கைதட்டினேன்.

“இல்லம்மா, வலியில இழுக்குது” என்று அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அத்தனை பேரும் நின்றார்கள். மறுநாள் அண்ணன் இறந்துபோனார்.