எருக்கிலைக் காது

எழுபத்தேழு, எழுபத்தெட்டாம் வருஷம் இருக்கும். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு லாட்ஜில் வேலை. அந்த ஒற்றை அறை கிடைப்பதற்கு முன் மூன்று வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது வீட்டில் "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டபோது அவர் வேறு ஒரு சாதியின் பெயரைச் சொல்லிவிட்டார். காலனியில் பிறந்தவர்கள் என்று சொல்லியிருந்தால் அந்தக் கதவையும் சாத்தியிருப்பார்கள்.

பக்கத்துச் சந்தில் அப்படிப் பொய் சொல்லியிருந்தது தெரியவந்த ஒரு குடும்பத்தின் சாமான்களைத் தெருவில் எறிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து யாராவது "உங்க ஊரு எது?" என்றாலே ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்துவிடுவேன். பேசவே மாட்டேன். அடக்கமான பொண்ணு என்று பெயர் வந்தது.

எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் உண்டு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விதைக்கு மல்லாட்டை மூட்டை வந்தால், மத்தியானத்தில் கூடத்தில் கொட்டி அவரும் எதிர்வீட்டு அம்மாவும் உரிப்பார்கள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது படிக்கச் சொல்வார்கள். படிப்பது எனக்குச் சுலபம். அது என் பேச்சு இல்லையே.

ஒரு நாள், வீட்டுக்காரம்மாவின் மகள் விட்டுப்போன படக்கதைப் புத்தகம் கையில் வந்தது. வெள்ளத்தில் அடித்துவந்த பெருச்சாளி ஒன்று, இரண்டு எருக்கிலையைக் காதாகக் கட்டிக்கொண்டு முயல் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. வாலை அடியில் மடித்து உட்காரும். முயல்களுக்கு வளை வளையாகத் தோண்டிக் கொடுக்கும். அவையும் அதைக் கொண்டாடும். பக்கத்தைத் திருப்பினால் மழை. இலை நனைந்து விழுந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் "ஓடு! நீ எங்கள் இனம் இல்லை!" என்று அச்சடித்திருந்தது. அதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்து, "பரவாயில்லை, நீ எங்களோடேயே இரு" என்று முயல்கள் சொன்னதாகப் படித்தேன்.

படம் இருப்பதை மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, மண் ஒட்டிய விரலைப் படத்தின் மேல் வைத்தார். "ஏம்மா, மொசலுங்க கையில கல்லு வச்சிக்கினு நிக்குதுங்க. 'இரு'ன்னா சொல்லுது?"

"அஞ்சாவது ஃபெயிலு போலருக்குது" என்று சிரித்தார் எதிர்வீட்டு அம்மா.

"வரி மாறிப்போச்சிக்கா" என்று சொல்லி, இருந்ததை இருந்தபடி படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கத்திப் படிம்மா. மொசலு இன்னா ரகசியமா பேசுது?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

கத்திப் படித்தேன். "ஓடு! நீ எங்கள் இனம் இல்லை!"

"அப்படிப் போடு! கூட ஒக்காந்து தின்னுக்கினு ஏமாத்திக்கினு இருந்திருக்குது பாரு. நீ இன்னாம்மா சொல்ற? வாயத் தெறக்கவே மாட்ற" என்று எதிர்வீட்டு அம்மாவே கேட்டார்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சும்மா இருந்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. "தொரத்தனது சரிதாங்க்கா" என்றேன்.

வீட்டுக்காரம்மா மல்லாட்டையை உடைத்தபடியே, "இன்னா சரி? அதுங்க குடியிருக்கற வளையே அது தோண்டனது. காதா தோண்டிச்சி?" என்றார்.

இன்றைக்கு நினைத்தால் அது நல்ல சொல். அன்றைக்கு எனக்குச் சந்தேகம்தான் வந்தது. தெரிந்துதான் பேசுகிறாரோ? என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறாரோ? அதன் பிறகு அவர் "சாப்டியா?" என்று கேட்டால்கூட வேறு எதையோ கேட்பதாகவே இருந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போனேன். பத்து நாள் என் வீட்டுக்காரரை நச்சரித்து, ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் ஒரு ஓலை வீட்டைப் பார்க்க வைத்தேன்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்தார். "நான் எதனா தப்பா பேசிட்டனாம்மா?"

"இல்லக்கா. அவருக்கு வேலைய அந்தப் பக்கம் மாத்திட்டாங்க."

"லாட்ஜையா தூக்கி வச்சிட்டாங்க?"

நான் சாமான் வண்டியில் ஏறிக்கொண்டேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.