கண்ணாடிக் குமிழில் பால்கோவா

வெயிலை அளப்பதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று வீட்டில் சித்தியைக் கேலி செய்வார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு விதைப் பண்ணையில் அவளுக்கு அதுதான் வேலை. மொட்டைமாடியில் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கறுப்புத் தட்டு இருக்கும். வெயிலில் அது சூடேற, கீழே அறையிலுள்ள மீட்டரில் எண் ஏறும். காலையில் குமிழைத் துடைத்துவிட்டு, அந்தி வரை மணிக்கொரு தடவை எண்ணை எழுதி, மேகம் உண்டா என்று மாடியேறிப் பார்க்க வேண்டும். பதினொரு வருடத்தில் சித்தியின் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் புதுக் கருவி ஒன்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பதினைந்து நாள் ஒப்பிட வேண்டுமாம். பழைய தட்டின் கறுப்பு வெளுத்துவிட்டதோ என்று சந்தேகம். மதுரையிலிருந்து வந்த அதிகாரி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “பழசு குறைச்சுக் காட்டுச்சுன்னா, இத்தனை வருசக் கணக்கையும் ஓரமா வச்சிர வேண்டியதுதாம்மா.”

முதல் நாளே பழையதில் எண் குறைந்தது. மறுநாளும் குறைந்தது. சித்தி சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“எம்புட்டு குறையுது சித்தி?”

“நான் எழுதுனது அம்புட்டும் வீணாப் போற அளவுக்கு” என்றாள்.

எனக்குப் புதுக் கருவியின் மேல் ஆத்திரமாக வந்தது. ஆறாம் நாள் நானும் கூடப் போனேன். சித்தி கீழே எழுதிக்கொண்டிருந்தபோது மாடியேறி, தின்றது போக இலையில் மிச்சமிருந்த பால்கோவாவைப் புதுக் குமிழின் மேல் வழித்துத் தடவினேன்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த வாரத்தில் அன்றுதான் சிரித்தாள். பிறகு மேகம் பார்க்க மெதுவாகப் படியேறினாள். நானும் பெருமையாகப் பின்னால் போனேன்.

குமிழில் நெய் உருகி வழிந்திருந்தது. சித்தி இடுப்பில் செருகியிருந்த குமிழ் துடைக்கும் துணியை எடுத்தாள். ஆனால் துடைக்கவில்லை.

“ரெண்டும் சரியாப் போச்சுல்ல சித்தி?”

“செத்த நேரம் சும்மா இருடி.”

அந்த உச்சி வெயிலில், துணியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு தண்ணீர் விட்டு அழுத்தித் துடைத்தாள். கீழே வந்து பன்னிரண்டு மணி எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘கண்ணாடியில் கறை’ என்று பக்கத்தில் எழுதினாள். என்னைத் திட்டவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவளுடைய பதினொரு வருட நோட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டிப் பரண்மேல் போட்டார்கள். என் பால்கோவாவை வீணாக்கிவிட்டாளே என்று நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒரு குமிழைத் துடைக்க அன்று ஏன் அவ்வளவு நேரம் நின்றாள் என்றும் எனக்குப் புரியவில்லை. முழங்கால் வலி என்று நினைத்தேன்.